உளவியலில் உரிய பெயர் கிடைக்காமல் போன ஒருவர் யார்?

என் பதில் மேமி ஃபிப்ஸ் கிளார்க். பொம்மைச் சோதனை பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் அவருடைய கணவர் கென்னத் கிளார்க்கின் பெயர்தான் வரும்.

மேமி 1917இல் அமெரிக்காவின் தென்மாநிலமான ஆர்கன்சாவில், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், வசதியான வீடு. இருந்தும் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளியில். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தவரை உளவியல் பக்கம் இழுத்தவர் கென்னத்தான். ஆனால், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தது மேமியின் 1939ஆம் ஆண்டு முதுகலை ஆய்வேடு. பொம்மைச் சோதனை அதிலிருந்து வளர்ந்தது. அது மேமியின் ஆய்வு, தான் நடுவில் வந்து சேர்ந்துகொண்டதாகக் கென்னத்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நான்கு பொம்மைகள், நிறம் தவிர எல்லாம் ஒன்றுபோல. இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டார்கள்: விளையாட எது வேண்டும்? எது நல்ல பொம்மை? எது மோசமாக இருக்கிறது? மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். மோசமானது என்று பாதிக்கு மேல் பழுப்பு நிறப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியில், ‘உன்னைப் போல இருப்பது எது?’ சற்றுமுன் தானே மோசம் என்று சொன்ன பொம்மையை இப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். சில குழந்தைகள் தேம்பி அழுதார்கள், சிலர் அறையை விட்டே ஓடினார்கள்.

இந்த ஆய்வின் மீது நியாயமான ஒரு விமர்சனம் உண்டு. பள்ளிப் பிரிவினைதான் காரணம் என்றால், கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கிய ஆர்கன்சாவில்தான் வெள்ளைப் பொம்மை மீதான விருப்பம் அதிகம் இருந்திருக்க வேண்டும்; ஆனால் எல்லோரும் சேர்ந்து படித்த, நாட்டின் வடக்கிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. என்னைக் கேட்டால், நிறவெறி பள்ளியோடு நிற்கவில்லை, ஊர் முழுக்க இருந்தது என்பதையே அது காட்டுகிறது.

1954இல், கறுப்பர், வெள்ளையர் என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது கென்னத்தின் கட்டுரை. அதற்கு முன்பே, அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வர்ஜீனியா வழக்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேமியின் முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்த ஹென்றி கேரட் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அவருக்கு மறுப்பாக நீதிமன்றத்தில் பேசியவர் மேமி. தனக்குப் பட்டம் வாங்கித் தந்த பேராசிரியருக்கு எதிராக! இந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் நீதிமன்றத்தைவிட, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிது. குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்வது என் தொழிலும்கூட. தாளில் எழுதும் ஒரு எண் ஒரு பிள்ளையின் படிப்பையே திசை திருப்பிவிடும் என்று எனக்குத் தெரியும். 1946இல் மேமியின் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் மேமியும் கென்னத்தும் நார்த்சைடு என்ற குழந்தைகள் உளவியல் மையத்தைத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளையை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் பள்ளி தள்ளிவிட்டதாகப் பெற்றோர்கள் அங்கே வந்து முறையிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மறுபடி சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் அந்த வகுப்புக்கான வரம்புக்கு மேலேயே இருந்தார்கள். சோதனையோடு விடாமல், வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுப் பிரச்சினை வரை கூட நின்றார்கள். 1979 வரை மேமிதான் இயக்குநர். நார்த்சைடு இன்றும் ஹார்லமில் இயங்குகிறது.