கணினியில் வரும் ஆக்சஸ், பாஸ்வேர்டு போன்றவற்றுக்குப் பாரசீகத்தில் என்ன சொல்கிறார்கள், அவற்றின் வேர் என்ன?

கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஆக்சஸுக்கு ஈரானில் ‘தஸ்த்ரெசி’ என்பார்கள். தஸ்த் என்றால் கை. ரஸ் என்பது ‘போய்ச் சேர்’ என்ற வினையின் பகுதி, பேச்சில் அது ரெஸ் என்று ஆகிவிடும். கடைசியில் வரும் இ அதைப் பெயர்ச்சொல்லாக்குகிறது. ஆக, கை எட்டுவதுதான் ஆக்சஸ். இதை முதன்முதலில் பிரித்துப் பார்த்த அன்று அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு, ஏனென்றால் இரண்டு துண்டுமே நம்மிடம் எப்போதோ வந்துவிட்டவை. பத்திர ஆபீசில் தஸ்தாவேஜு என்கிறோமே, அதில் இருப்பது இதே கை. கடையில் பணம் கட்டி வாங்கும் ரசீது பாரசீகத்தில் ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள்படும் முழு வாக்கியம், அதுவே நாளடைவில் அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பெயராகிவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘நோக்கிச் செல்’ என்று பொருள், நம்முடைய ‘அணுகல்’ என்பதும் பக்கத்தில் போவதுதான். எனக்கென்னவோ பாரசீகச் சொல்தான் இன்னும் துல்லியமாகப் படுகிறது. அலுவலகப் பகிர்வு ஃபோல்டரில் ஒரு கோப்பு கிடக்கிறது, பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது, கிளிக் செய்தால் அனுமதி இல்லை என்கிறது. பக்கத்தில் போயாகிவிட்டது, கைதான் எட்டவில்லை!

பாஸ்வேர்டுக்குத் தூய பாரசீகச் சொல் ‘கொஸர்வாழெ’. கொஸர் என்றால் கடந்து போவது, வாழெ என்றால் சொல். நம் கடவுச்சொல்லின் அச்சு அசல் இரட்டை! பாஸ்போர்ட்டும் அங்கே ‘கொஸர்நாமெ’, இலங்கையில் கடவுச்சீட்டு என்பது போல. ஆனால் வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்பவர் ‘ரம்ஸ்’ என்றுதான் கேட்பார், அது அரபியிலிருந்து வந்தது, ரகசியக் குறி என்று பொருள். லாகின் செய்வதற்கு ‘வொரூத்’, அதுவும் அரபிதான், நுழைவு. யூசருக்கு ‘கார்பர்’, காரியத்தில் எடுத்துப் பயன்படுத்துபவர், கார் என்றால் வேலை, நம் சர்க்காரில் இருக்கும் அதே கார்.

அப்புறம் ஈரானில் தினமும் புழங்கும் ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும்: ‘ஃபில்தர்ஷெகன்’. ஷெகன் என்றால் உடைப்பது. முடக்கப்பட்ட தளங்களைத் திறக்கப் பயன்படுத்தும் விபிஎன்னுக்கு மக்கள் வைத்த பெயர், ஃபில்டரை உடைப்பது. கை எட்டாத இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, ஆன்லைனில் பணம் கட்டும் பேமென்ட் கேட்வேக்கு அங்கே ‘தர்காஹெ பர்தாக்த்’ என்று பெயர். தர் என்றால் கதவு, காஹ் என்றால் இடம், பர்தாக்த் என்றால் பணம் செலுத்துவது. ஆமாம், நாகூர் தர்காவில் இருக்கும் அதே தர்காதான்.