கடைக்குப் போகும் முன் சுவரைக் கவனியுங்கள்: புது வீட்டு மின்சாதனக் கேள்வி பதில்

கோவைப் பக்கம் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். முதன்முதலாக வீடு கட்டுபவர்களும் ஃபிளாட் வாங்கியவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலானோர் எந்த மாடல் வாங்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். சிலர்தான் வயரிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஒரு சகோதரிக்கே முதல் பதில்.

அண்ணா, பல்லடத்துல வீடு கட்டிட்டு இருக்கோம். அடுத்த மாசம் பூச்சு வேலை. பட்ஜெட் எகிறிடுச்சு. ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இன்னும் வாங்கணும். வயரிங்ல கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்.

வேண்டாம்மா. குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஏசியைத் தள்ளிப் போடுங்கள். ஏசியை அடுத்த சித்திரைக்கு வாங்கிக்கொள்ளலாம். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவரில் மறுபடி காடி வெட்டுவது பெரிய செலவு, பெரிய மனக்கஷ்டம்.

லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் (வயரின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்), பிளக் பாயின்டுக்கு ரெண்டரை ஸ்கொயர், ஏசிக்கும் ஹீட்டருக்கும் மின் பங்கீட்டுப் பெட்டியான டிபியிலிருந்து நேராக நாலு ஸ்கொயர் தனி லைன். எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள காப்பர் வயராக இருக்கட்டும். இன்று ஏசி வாங்காவிட்டாலும் எல்லா பெட்ரூமுக்கும் அந்த லைனை இழுத்து வைத்துவிடுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது சமையலறையில்தான். காலை ஏழு மணிக்கு அங்கே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, மிக்ஸி 750. மொத்தம் 4250 வாட், அதாவது 18 ஆம்பியருக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் (லோடு மீறினால் லைனை வெட்டும் சுவிட்ச்) போட்டால் சட்னி அரைக்கும்போது ட்ரிப் ஆகலாம். உடனே யாராவது வந்து, "32 போட்டுடலாம், ட்ரிப் ஆகாது" என்பார்கள். ட்ரிப் ஆகாதுதான். ஆனால் லோடு கூடும்போது அந்த ரெண்டரை ஸ்கொயர் வயர் சுவருக்குள்ளேயே சூடாகி உருகலாம். எம்சிபி காப்பது வயரை. அதைப் பெரிதாக்கினால் காவலே இல்லை. அதனால் சமையலறை மேடைக்கு இரண்டு தனி சர்க்யூட், ஃப்ரிட்ஜுக்கு வேறொன்று. கூடுதல் செலவு ஒரு நடுத்தர மிக்ஸி விலைகூட வராது.

மதுரையில் பழைய வீடு வாங்கிக் குடி வந்தோம். ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்கிறது. ஃப்ரிட்ஜ் மாற்ற வேண்டுமா?

ஃப்ரிட்ஜை விடுங்கள். இதைப் படித்ததும் அதை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வீட்டில் எர்த் (கசியும் கரன்டைத் தரைக்கு இறக்கும் கம்பி) இல்லை, அல்லது வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

லைசென்ஸ் உள்ள வயர்மேனை வரவழைத்து எர்த் குழியையும், குழியிலிருந்து டிபிக்கு வரும் கம்பியையும், ஒவ்வொரு பிளக்கின் பெரிய ஓட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் (கரன்ட் திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

பழைய வீடுகளில் நான் பார்க்கும் இன்னொரு கொடுமையைச் சொல்லியே ஆக வேண்டும். எர்த் இல்லாத இடத்தில், பிளக் பெட்டிக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் முனையில் மாட்டிவிடுகிறார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. என்றாவது வெளியே நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். உங்கள் வீட்டில் பிளக்குகளைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, இப்படி எங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

எம்சிபி எல்லாம் நல்ல கம்பெனிதான் போட்டிருக்கோம். எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியும் வேணும்கிறார். காசு பிடுங்குறாரா?

இல்லை தம்பி, நல்ல மனிதர், அவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் கரன்ட் ஆளைக் கொல்ல அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. ஆர்சிசிபி, போன கரன்டும் திரும்பி வரும் கரன்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று வருபவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. அதன் மேலிருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

தாம்பரத்தில் மேல்மாடி ஃபிளாட். பெட்ரூம் 10க்கு 12. ஒரு டன் போதுமா? 3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

120 சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்பது கீழ்த்தளக் கணக்கு. உங்களுக்குத் தலைக்கு மேல் மொட்டைமாடி. மேற்குச் சுவரும் வெயில் வாங்குகிறது என்றால் ஒன்றரை டன் போடுங்கள். அதற்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்டோ கூலிங் டைல்ஸோ போட அசோசியேஷனிடம் பேசுங்கள்.

ஸ்டாரை எண்ணுவதைவிட லேபிளில் அச்சிட்டிருக்கும் யூனிட்டைப் படியுங்கள். ஏசி லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், 1600 மணி நேர ஓட்டத்துக்கானது. தினம் 8 மணி நேரம் என்றால் 200 நாள். 3 ஸ்டார், 5 ஸ்டார் இரண்டு லேபிளையும் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 200 யூனிட், உங்களுக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 1600 ரூபாய் மிச்சம். 5 ஸ்டார் 7000 ரூபாய் அதிகம் என்றால் நாலரை வருடத்தில் போட்ட காசு திரும்பும். விருந்தினர் அறை ஏசிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே 3 ஸ்டாரே தாராளம். லேபிளில் ஆண்டையும் பாருங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை விதியை இறுக்குவதால், பழைய 5 ஸ்டார் இன்றைய கணக்கில் 4 ஸ்டாராக இருக்கலாம்.

பிஎல்டிசி ஃபேன் விலை ரெண்டு மடங்கு சொல்றாங்க. நிஜமாவே லாபமா சார்?

முதல் வீட்டுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே 'புது டெக்னாலஜி' இதுதான். சாதாரண ஃபேன் 75 வாட், இது 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு ஏறக்குறைய 97.

நம் ஊர் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் கட்டணம் கூடிவிடும். அதனால் 560 ஓடும் வீடு 470க்கு இறங்கினால் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதோடு சேர்த்து ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் போர்டு போய்விடும்.

திருப்பூர்ல போர் தண்ணி. உறவினர் வீட்டு ஹீட்டர் ரெண்டே வருஷத்துல ஒழுகுது. என்ன வாங்கலாம்?

உப்புத் தண்ணீருக்கு கிளாஸ் லைனிங் டேங்க் வாங்குங்கள். உள்ளே மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதில் அது அரிபடும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பலர் வீட்டில் டேங்க் ஒழுகிய பிறகுதான் அப்படி ஒரு ராடு இருப்பதே தெரிகிறது. நாலு பேருக்கு 15 லிட்டர் போதும். 2000 வாட் ஹீட்டர் அவ்வளவு தண்ணீரையும் கால் மணி நேரத்துக்குள் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரும். ராத்திரி முழுக்க ஆனில் வைக்க வேண்டியதில்லை.

கோவையில் இருக்கிறோம், சிறுவாணித் தண்ணீர் வருகிறது. ஆர்ஓ மெஷின் எது நல்லது?

சிறுவாணியே வருகிறது என்றால் ஆர்ஓ எதற்கு? குடிநீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகள், லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை ஏற்றது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500. சிறுவாணி அதற்கு வெகு கீழே. கிருமியை நீக்கும் யூவி, யூஎஃப் உள்ள சாதாரண ஃபில்டர் போதும். ஆர்ஓ போட்டால் நல்ல தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவுக் குழாயில் போகும், அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது.

மாவுக்கு கிரைண்டர் வேணுமா, பெரிய மிக்ஸி போதுமா?

இட்லி வாரம் ஒரு முறைக்கு மேல் என்றால் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்குங்கள். மிக்ஸியில் உளுந்து சூடாகும், பொங்காது.

தஞ்சாவூர்ப் பக்கம் வீடு. இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிதாக வாங்க வேண்டும்? போட்டதும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

150 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி, 12 வோல்ட்: கணக்குப்படி 1800 வாட் அவர். கையில் கிடைப்பது 1200 போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிஎல்டிசி ஃபேன், ஐந்து எல்ஈடி, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து 230 வாட். ஐந்து மணி நேரம் தாங்கும். ஹீட்டர், இன்டக்‌ஷன், அயர்ன் பாக்ஸ் எதையும் அந்த லைனில் சேர்க்கக் கூடாது.

ட்ரிப் ஆவது உண்மைதான், ஆனால் குற்றம் ஆர்சிசிபியுடையது இல்லை. ஃபேஸ் இன்வெர்ட்டர் வழியாகப் போய், நியூட்ரல் மட்டும் பொது நியூட்ரலில் திரும்பினால் கணக்கு இடிக்கும், அது வெட்டத்தான் செய்யும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்தால் தீர்ந்தது. சிலர் ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுப் போகிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

சோலார் இப்பவே போட்டுடலாமா?

பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2024ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நிழல் விழாத 300 சதுர அடி மாடி வேண்டும், நாளுக்கு 12 யூனிட் போல வரும். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட்டுக்குள் முடிகிற வீடு அவசரப்பட வேண்டாம். முதல் யூனிட்டுகள் இலவசம், மீதியும் மானிய விலை, அதனால் போட்ட பணம் திரும்ப நாளாகும். 700, 800 ஓடுகிற வீடு இப்போதே போடலாம். புது வீடு என்றால் மொட்டைமாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு காலி பைப்பை மட்டும் இப்போதே பதித்துவிடுங்கள்.

ஸ்மார்ட் சுவிட்ச் பின்னாடி மாத்திக்கலாம்ல அண்ணா?

ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வராவிட்டால் பெரும்பாலான சுவிட்ச் வேலை செய்யாது. இன்றைக்கே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் ஃபிளாட் சாவி தர்றாங்க. வாங்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கூடவே ஒரு வயர்மேனைக் கூட்டிப் போங்கள். டிபியில் ஒவ்வொரு எம்சிபிக்கும் எது எந்த அறை என்று பெயர் எழுதி வாங்குங்கள். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை உங்கள் கையால் அமுக்குங்கள். ஏதாவது ஒரு பவர் பிளக்கைக் கழற்றச் சொல்லி, பச்சை வயர் எர்த் முனையில் மாட்டியிருக்கிறதா, அல்லது சும்மா சுருட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்தே ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் கேளுங்கள். சாவி கைக்கு வரும் முன் கேட்டால் பில்டரே ஆள் அனுப்பிச் செய்து தருவார்.