மூலத்துக்கு எத்தனை டிகிரி?

(31 வருடம் தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சென்ற இதழில் மலச்சிக்கல் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூலம் பற்றித்தான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'பெயர் வேண்டாம்' என்று அடிக்கோடு. சரி, ஊரை மட்டும் போடுகிறேன்.

ஆறு மாத இடைவெளியில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். முதலாமவர் 'செகண்ட் டிகிரி, மருந்து போதும்' என்றார். அடுத்தவர் 'தேர்ட் டிகிரி, லேசர் பண்ணணும்' என்கிறார். யார் சொல்வது சரி? ஆறே மாதத்தில் முற்றிவிட்டதா? வயது 38, ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை.
*கோவில்பட்டி*

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். நீங்கள்தான் இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

சர்க்கரை, கொழுப்பு மாதிரி மூலத்தின் டிகிரியை எந்த மெஷினும் அளந்து சொல்வதில்லை. உள்மூலத்துக்கு உலகம் முழுக்கப் புழங்கும் வகைப்பாடு, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஜான் கோலிகர் பெயரில் வழங்குவது. அதில் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: சதை வெளியே வருகிறதா, வந்தால் எப்படித் திரும்பிப் போகிறது? ரத்தம் வரும், ஆனால் சதை வெளியே வராது என்றால் முதல் டிகிரி. முக்கும்போது வெளியே வந்து, எழுந்ததும் தானாக உள்ளே போனால் இரண்டு. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்று. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே நின்றால் நான்கு.

ஆக, டிகிரியைத் தீர்மானிப்பதில் பாதி உங்கள் வாயில் இருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கும்போது மூலம் நல்ல பிள்ளையாக உள்ளே உட்கார்ந்திருக்கும். அதனால் பக்கத்துக் கழிப்பறைக்கு அனுப்பி, உட்கார்ந்து முக்கச் சொல்லி, உடனே பார்ப்பேன். அதற்கு நேரம் இல்லாத ஓ.பி.யில் கேள்வி மட்டும்தான்.

அந்தக் கேள்வியிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. எனக்கே அது பிடிபட ஐந்தாறு வருடம் ஆனது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். "தள்ளிவிடணுமா சார்?" என்றேன். "சேச்சே, தானா போயிரும்" என்றார். இரண்டாம் டிகிரி என்று எழுதிவிட்டேன். மருந்தெழுதிக் கொடுக்கும்போதுதான் சொன்னார், "தண்ணி ஊத்திக் கழுவுறப்பவே போயிரும்மா." கழுவுவது எதனால்? கையால்தானே! காகிதத்தில் துடைக்கும் தேசத்தில் பிறந்த வகைப்பாடு இது. கழுவும் தேசத்தில் மூன்றாம் டிகிரிக்காரர்கள் பலரும் தாங்கள் தள்ளுவது தெரியாமலே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் கேள்வி மாறியது: "கழுவுறதுக்கு முன்னாடியே போயிருதா?"

தம்பி, நீங்களும் அதைக் கவனித்துப் பாருங்கள். சில நாள் தானாகவும் சில நாள் கைவைத்தும் போகலாம். மல்லாக்கப் படுத்த நிலையில் ஆசனவாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், மூலம் வழக்கமாக 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் வரும். மூன்றும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பதில்லை. 11 மணிக்காரர் வெளியே எட்டிப் பார்க்க, மற்ற இருவர் உள்ளேயே இருப்பார்கள். இருப்பதில் பெரியதை வைத்துத்தான் டிகிரி போடுகிறோம்.

லேசர் என்பது ஒரு கருவி. மூன்றாம் டிகிரி என்றாலே லேசர் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டாம் டிகிரிக்கும் சின்ன மூன்றாம் டிகிரிக்கும் ரப்பர் வளையம் போடுவது ('பேண்டிங்') 1963 முதல் நடக்கிறது. பாரன் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய முறை. மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம், செலவும் குறைவு. 'எனக்கு ஏன் பேண்டிங் போதாது?' என்று அந்த இரண்டாவது டாக்டரிடம் கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்.

அம்மாவுக்கு 61 வயது. முதல் டிகிரிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அவ்வப்போது ரத்தம் போகும். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 6.4 என்று வந்திருக்கிறது. இதற்கும் மூலத்துக்கும் சம்பந்தம் உண்டா?
*மகன், தென்காசி*

உண்டு, இல்லாமலும் இருக்கலாம். இரண்டுமே அவசரம்தான். இந்த இதழை மூடிவைத்துவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிகிரி என்ற சொல்லால் வரும் வினை இது. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது லாரி ஓட்டுநர் ஒருவர் மெடிக்கல் வார்டில் படுத்திருந்தார். ரத்தம் 5 கிராம் சொச்சம். பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கொடுத்தோம், இரண்டு பாட்டில் ரத்தமும் ஏற்றினோம். இரண்டு மாதத்தில் அதே ஆள், அதே கட்டில். "வெளிக்கிப் போறப்ப ரத்தம் போகுதா?" என்று முதல் தடவை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் பீய்ச்சியடித்திருக்கிறது. வலி இல்லாததால் அவரும் சொல்லவில்லை. பரிசோதித்தால் வெறும் முதல் டிகிரி! வெளியே ஒன்றுமே இல்லை.

கோலிகர் கணக்கில் ரத்தத்துக்கு மார்க் கிடையாது. வலிக்கும் கிடையாது. சதை இறங்குவதை மட்டும்தான் அது அளக்கிறது. வருடக்கணக்காக மூன்றாம் டிகிரியோடு சொட்டு ரத்தம் இல்லாமல் வயல்வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் டிகிரியில் ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே 'முதல் டிகிரி' என்பதைச் 'சின்ன வியாதி' என்று மொழிபெயர்க்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 61 வயதில் ரத்தசோகையோடு மலத்தில் ரத்தம் போனால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பழியை உடனே அதன் மேல் போட்டுவிடக் கூடாது. மலக்குடல் புற்றுநோயும் ரத்தமாகத்தான் தொடங்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். விரல் பரிசோதனை, பிறகு கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. அம்மா கூச்சப்படுவார். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது அவர் உரிமை. விரல் வைத்துப் பார்க்காமலே மூலத்துக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தவரிடம் மறுபடி போகவேண்டாம்.

வயிற்று ஸ்கேன் எடுத்தால் மூலம் எந்த கிரேடு என்று தெரியுமா?
*சிவகாசி*

தெரியாது. ஸ்கேன் தாளில் 'கிரேடு 1' என்று எதையாவது பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், அது கல்லீரல் கொழுப்பாக இருக்கும். அந்தத் தாளோடு மூல வைத்தியத்துக்கு வந்தவர்கள் எனக்கு நிறையப் பேர்.

நேற்று வரை ஒன்றுமில்லை. சிமெண்ட் மூட்டை தூக்கிய மறுநாள் காலையில் ஆசனவாய் ஓரத்தில் கருநீலமாகத் திராட்சை அளவில் ஒரு கட்டி. உட்கார முடியாத வலி. உள்ளே தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. நான்காம் டிகிரியா?
*விருதுநகர்*

தள்ளாதீர்கள்! அது உள்ளேயிருந்து வந்ததே இல்லை, பிறகு எப்படி உள்ளே போகும்?

ஆசனவாய்க்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவில் பல்வரிசை போல ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது குடலின் சவ்வு. அங்கே குத்தினாலும் வலி தெரியாது. கீழே இருப்பது தோல், அங்கே எறும்பு கடித்தாலும் உயிர் போகும். உங்களுக்கு வந்திருப்பது கோட்டுக்குக் கீழே, வெளிமூலத்தில் ரத்தம் உறைந்த கட்டி. இதற்கு டிகிரியே கிடையாது, கோலிகர் கணக்கு உள்மூலத்துக்கு மட்டும்தான். முதல் மூன்று நாளில் வலி உச்சத்தில் இருக்கும். அதற்குள் போனால் மரப்பு ஊசி போட்டுக் கட்டியை எடுத்துவிடலாம். மூன்று நாள் தாண்டி வலி குறைய ஆரம்பித்துவிட்டால் கத்தியே வேண்டாம். அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை உட்காருங்கள். மலம் இளகியே இருக்கட்டும். சில வாரத்தில் சுருங்கிவிடும்.

நிஜமான நான்காம் டிகிரியில் திடீரென்று வீங்கி, நிறம் கறுத்து, தாங்கமுடியாத வலி வந்தால் ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. வயதானவர்களுக்கு வெளியே வரும் சதையில் வளையம் வளையமாக மடிப்பு இருந்தால் அது மூலம் அல்ல, மலக்குடலே இறங்கியிருக்கிறது. அது வேறு வியாதி, வேறு ஆபரேஷன்.

'மூலம், பவுத்திரம்: ஆபரேஷன் இல்லாமல் வேரோடு குணம்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் எழுதியிருக்கிறதே, நம்பலாமா? பாட்டி துத்தி இலை சாப்பிடச் சொல்கிறார்.
*சங்கரன்கோவில்*

பாட்டியை நம்பலாம். துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். எந்தக் கீரையானாலும் மலம் இளகும், முக்கல் குறையும், மூலத்தின் பாதிச் சண்டை அங்கேயே தீரும். சித்த மருத்துவத்தை நான் இளக்காரமாகப் பேசுபவள் அல்ல. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வகைப்பாட்டில் மூலம் 21 விதம். எங்கள் நாலு டிகிரியில் இடமில்லாத ரத்தத்தையும் சீழையும் அது தனியே கணக்கில் எடுக்கிறது. படித்த சித்த மருத்துவரிடம் தாராளமாகப் போங்கள்.

சுவர்க்காரர் வேறு. மாதம் ஒரு ஞாயிறு லாட்ஜில் ரூம் போட்டு, என்ன மருந்து என்றே சொல்லாமல் ஊசி போடுகிறவர், களிம்பு வைத்து 'கருக' வைக்கிறவர். அப்படிக் கருகியதில் ஆசனவாய் சுருங்கி, சுண்டுவிரல்கூட நுழையாத நிலையில் வந்த பெண்ணுக்கு நான் ஆபரேஷன் செய்திருக்கிறேன். மூலத்தோடே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள்.

'வேரோடு' என்ற சொல்லும் பொய். மூலம் என்றால் வேர் என்பதால் எழுதுகிறவருக்குச் சிலேடை வசதியாக அமைந்துவிட்டது. அங்கே இருப்பது வேரல்ல, ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தைகள். உங்களுக்கும் எனக்கும் பிறந்ததிலிருந்து இருப்பவை, காற்றும் மலமும் கசியாமல் வாயை அடைக்க உதவுகிறவை. 1975இல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இதைத் தெளிவாக எழுதினார். மெத்தையைப் பிடித்துவைத்திருக்கும் இழைகள் தளர்ந்து, அது கீழே சரிவதுதான் நோய். டிகிரி என்பது அந்தச் சரிவின் அளவு. மெத்தையை வேரோடு பிடுங்கினால் வேறு தொல்லை வரும்.

அப்பாவுக்கு இரண்டாம் டிகிரி, பேண்டிங் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வாரத்தில் தங்கை கல்யாணம். முன்பே முடித்துவிடலாமா? இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.
*ராஜபாளையம்*

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். வளையம் போட்ட சதை ஏழிலிருந்து பத்து நாளில் உதிரும். ரத்தம் போனால் அப்போதுதான் போகும். அந்த மாத்திரையோடு அது சாதாரணமாக நிற்காது. அப்பா தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அதை இதய மருத்துவர்தான் சொல்லவேண்டும். உங்கள் கடிதம் அச்சேறும்போது ஐந்து வாரத்தில் மூன்று போயிருக்கும். இப்போது போட்டால் உதிர்கிற நாளும் முகூர்த்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். மலத்தை இளக்கும் இசப்கோல் வாங்கிக்கொடுங்கள், பந்தியில் அவருக்குக் கீரை வைக்கச் சொல்லுங்கள். பேண்டிங் மறுவீட்டுக்குப் பிறகு.