அப்பாவின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் அப்பா 22 வருடமாக ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு பேக்கரிகளுக்குக் கொடுத்து வந்தார். 18 நாளுக்கு முன் இறந்துவிட்டார், உயில் இல்லை. அம்மா, கட்டிக்கொடுத்த அக்கா, நான், தம்பி. தம்பிதான் இப்போது பார்க்கிறான். பில் அப்பாவின் ஜிஎஸ்டி எண்ணிலேயே போகிறது. காய்க்கு அவர் ஏடிஎம் கார்டில்தான் பணம் எடுக்கிறோம். 12 லட்சம் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் உண்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள். இப்படியே நடத்தலாமா?

பதில்: நடத்தலாம், அப்பா பெயரில் கூடாது. தனி உரிமையாளர் தொழிலுக்கு முதலாளியின் பான் எண்தான் பான்; ஜிஎஸ்டி பதிவும் அதை வைத்துத்தான். அவர் போனபின் அந்தப் பதிவில் புது பில் போடக் கூடாது. கார்டை இன்றே எடுத்து வையுங்கள். நாமினி அம்மாவாகவே இருந்தாலும், இறந்த பிறகு எடுத்த பணத்துக்கு நாளைக்கு அக்காவும் கணக்குக் கேட்கலாம், வங்கியும் கேட்கலாம்.

அவசரம் ஜிஎஸ்டிதான். வாரிசு புதுப் பதிவு கேட்க 30 நாள். உங்களுக்கு மிச்சம் 12. அடியந்திரம் (இறப்புச் சடங்கு) கழியட்டும் என்று இருந்தால் கெடு போய்விடும். கெடுவுக்குள் விண்ணப்பித்தால் தொழில் கைமாறிய நாளிலிருந்தே பதிவு செல்லும். தாண்டினால் பதிவு கிடைத்த நாளிலிருந்துதான். இடையில் போட்ட பில்லை வைத்து வரி வரவு எடுப்பதில் (வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழிப்பதில்) பேக்கரிக்காரருக்குச் சிக்கல் வந்தால், அடுத்த லோடை வேறு ஆளிடம் எடுப்பார்.

தம்பியின் பானில் விண்ணப்பியுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'உரிமையாளர் இறப்பு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற மூவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் இன்றே மனுப் போடுங்கள். 'தொழிலை நடத்த மட்டுமே சம்மதம், பங்கை விட்டுக்கொடுக்கவில்லை' என்ற வரி கடிதத்தில் இல்லாவிட்டால் அக்கா கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்து வரிசை பிசகக் கூடாது. எண்ணெய்க்கும் கவருக்கும் கட்டிய வரி அப்பாவின் கிரெடிட் லெட்ஜரில் (ஜிஎஸ்டி தளத்தில் உள்ள வரி வரவுக் கணக்கில்) கிடக்கும். ஆடிட்டர் சான்றோடு ஐடிசி-02 படிவத்தில் அதைத் தம்பி எண்ணுக்கு மாற்றி, தம்பி தன் லாகினில் ஏற்ற பிறகே பழைய பதிவை ரத்து செய்ய ரெக்-16 படிவம் போட வேண்டும். முதலில் ரத்து செய்தால் அந்த வரவு அந்தரத்தில் நிற்கும். அப்பா வைத்துப்போன ஜிஎஸ்டி பாக்கியும் தொழிலைத் தொடர்பவர் தலையில்தான், ஆகவே அதையும் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் கொஞ்சம் இரக்கம் காட்டும்: இறந்த நாளிலிருந்து 90 நாள் வாரிசுக்குச் செல்லும். அதற்குள் பெயர் மாற்ற மனு.

வங்கியில் தகவல் சொன்னதும் கணக்கு நிற்கும். தம்பி பெயரில் புது நடப்புக் கணக்கு திறந்து, கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை மாற்றுங்கள். அப்பா பெயருக்கு வரவேண்டிய பணத்துக்கு 'எஸ்டேட்' கணக்கு திறக்கக் கேளுங்கள். அதில் வரவு வைக்கலாம், எடுக்க முடியாது.

சிசி கடனுக்கு வாரிசுகளின் பொறுப்பு, கைக்கு வந்த சொத்து அளவுக்குத்தான். ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவருக்கு அந்த வரம்பு கிடையாது. பெரும்பாலும் அம்மா போட்டிருப்பார். சாங்ஷன் லெட்டரை (வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தை) படிக்காமல், கடனை உங்கள் பெயருக்கு மாற்றும் எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வேண்டாம். கடனோடு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தாரா என்றும் கேளுங்கள்.

பங்கு: இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு 1/3, பிள்ளைகள் மூவருக்கும் தலா 2/9. 'பொண்ணுக்கு ஸ்ரீதனம் கொடுத்தாச்சு, இனிப் பங்கில்லை' என்ற பேச்சு 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் எச்சம். அந்தச் சட்டம் 1951-லேயே நீங்கிவிட்டது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதைப் பங்கிடுவது என்பதில்தான் வீடு உடையும். அப்பா இறந்த நாளின் நிலவரத்தை பில் புத்தகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: எண்ணெய் 15 கிலோ டின் எத்தனை, பாக்கெட் போட்டது, தொங்கும் குலை, பேக்கரி வாரியாக வரவேண்டியது, காய்க்காரருக்குக் கொடுக்கவேண்டியது. நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். பங்கு அந்தத் தொகையில். அதற்குப் பின் வரும் லாபத்தில் முதலில் தம்பியின் மாதச் சம்பளத்தைக் கழிக்க வேண்டும். எவ்வளவு என்று இப்போதே எழுதுங்கள்.

கூட்டாண்மையாக மாற்றுவதை ஆறு மாதம் கழித்துச் செய்யலாம். ஐடிசி-02 இன்னொரு தடவை போட வேண்டிவரும்; கெடுவைத் தவறவிடுவதற்கு அது தேவலை. 'கூட்டாளி ஒருவர் இறந்தாலும் நிறுவனம் கலையாது' என்ற ஷரத்தைப் பத்திரத்தில் சேருங்கள். இருவர் மட்டும் இருந்தால் அந்த ஷரத்தும் காப்பாற்றாது, மூன்றாவதாக அம்மாவையோ அக்காவையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது தம்பியின் சம்பளம் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே வருமான வரி) பிடிக்க வேண்டும்.