அட்டைப்பெட்டியில் போட்ட லிட்டரை விடுங்கள், டேப்பை எடுங்கள்

கேள்வி: 4 அடிக் கடல்நீர் மீன் தொட்டி, சம்ப்போடு (அடியில் கேபினெட்டுக்குள் வைக்கிற துணைத் தொட்டி) சேர்த்து 350 லிட்டர் வரும். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு யெல்லோ டேங் மீன், கொஞ்சம் மென்பவளம். ஸ்கிம்மர் வாங்கப் போனால் கடைக்காரர் “எதற்கும் 1000 லிட்டருக்கு உள்ளதை எடுங்க சார்” என்கிறார். எடுக்கலாமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: வேண்டாம். பருப்பு கொதிக்கும்போது மேலே பொங்குகிற நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடுகிறோமே, ஸ்கிம்மர் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். பொடிக் குமிழிகளில் புரதமும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு, நுரையாகிக் கழுத்து வழியே ஏறிக் கப்பில் விழும். அழுக்கு போதாவிட்டால் நுரை பாதிக் கழுத்திலேயே உடைந்து இறங்கிவிடும். மூன்று மீனை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஸ்கிம்மரை ஓட்டினால் கப் காய்ந்துதான் கிடக்கும். அதற்காக 350 என்று போட்டதையே எடுக்கவும் வேண்டாம், அந்த எண் பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான கணக்கு. உங்களுக்கு 500, 600 போதும்.

ஆனால் லிட்டரைவிட முக்கியம் அங்குலம். சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கிற அறையில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? சம்ப்புக்குள் வைக்கிற மாடல்கள் பல 7 முதல் 9 அங்குலத்துக்குள் கேட்கும். உங்களுடையது 11 இருந்தால் கப் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும், அடியில் 3 அங்குலத்துக்கு அக்ரிலிக் மேடை கொடுக்க வேண்டும். இப்போது உயரக் கணக்கு போடுங்கள்: ஸ்கிம்மர் 20, மேடை 3, கப்பைத் தூக்கிக் கழற்ற இன்னொரு 4, ஆக 27. கேபினெட் உள்ளே 26 தான் என்றால் போச்சு. என் முதல் ஸ்கிம்மரில் இந்த நாலு அங்குலத்தை மறந்துவிட்டேன், வாராவாரம் கப்பைக் கழுவ மொத்த இயந்திரத்தையும் சொட்டச் சொட்ட வெளியே தூக்கினேன், வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

அந்த அறையில் நீர்மட்டம் ஏறி இறங்காமல் இருக்கத் தடுப்புக் கண்ணாடி அவசியம். கரண்ட் போனால் மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி மட்டம் ஏறிவிடும், கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த ஏறிய மட்டத்திலேயே ஓடத் தொடங்கினால் கப் பொங்கித் தரையில்தான் ஓடும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றுகிற ரிட்டர்ன் மோட்டார் ஓடி மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மரைப் போடுங்கள். இன்வெர்ட்டரில் கொடுப்பதானால் ரிட்டர்னை விட்டுவிட்டு ஸ்கிம்மரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

புதுசை மாட்டிய முதல் ஒன்றிரண்டு வாரம் அது கோணல்மாணலாகத்தான் ஓடும், தினமும் வால்வைத் திருகிக்கொண்டு இருக்காதீர்கள். அப்புறம், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தண்ணீரில் விட்டால் நுரை சட்டென்று அடங்கிவிடும், பழுது என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம், சில மணி நேரத்தில் தானே எழும்.

கேள்வி: கோல்டுஃபிஷ் தொட்டிக்கும் இதை மாட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: காசு வீண். நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், உப்புத் தண்ணீரில்தான் பொடியாகவே நிற்கும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஃபில்டர் வாங்குங்கள்.