விறாந்தைப் படியும் அப்பம்மாவும்

கேள்வி: லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த தங்கை, யூரியூப்பில் ‘சூப்பர் நானி’ என்ற நிகழ்ச்சியைக் காட்டினாள். குழப்படி செய்யும் பிள்ளையைப் படியில் இருத்தி, வயதுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் பார்த்து விடுகிறார்கள். பிள்ளை அடங்கிவிடுகிறது. என் மகனுக்கு நான்கு வயது. நானும் விறாந்தைப் படியில் நான்கு நிமிடம் இருத்தினேன். இரண்டாவது நிமிடத்திலேயே அப்பம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டா. தங்கை அதைக் கைபேசியில் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட, எல்லோரும் சிரித்தார்கள். இவரோ, “ரீவியைப் பார்த்து ஆரும் பிள்ளை வளர்ப்பினமோ? பூவரசங்கம்பு போதும்” என்கிறார். இப்படியான நிகழ்ச்சிகளால் பயன் உண்டா, வெறும் பொழுதுபோக்கா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு தாய், கொக்குவில்)

பதில்: பொழுதுபோக்குத்தான். அதற்குள் கொஞ்சம் பயனும் கிடக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பகுதியை அல்ல.

‘சூப்பர் நானி’ 2004இல் பிரித்தானியாவின் சனல் 4இல் தொடங்கி, அடுத்த வருடமே அமெரிக்காவின் ஏபிசிக்கும் போனது. அதை நடத்திய ஜோ புரொஸ்ற், பதினைந்து வருடத்துக்கு மேல் பிறர் வீடுகளில் பிள்ளை பார்த்தவர். சொந்தப் பிள்ளை இல்லாதவருக்கு என்ன தெரியும் என்று நம் ஊரில் உடனே கேட்பார்கள். பத்துப் பெற்றும் ஒன்றும் பிடிபடாதவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன், அதனால் அந்தக் கேள்வியை விடுவோம்.

படியில் இருத்துவது அவர் கண்டுபிடித்தது அல்ல. 1960களிலேயே அமெரிக்க நடத்தை உளவியலாளர்கள் எழுதி வைத்த முறை அது. பிள்ளைக்குப் பிடித்தமானவற்றிலிருந்து சிறிது நேரம் அவனை விலக்கி வைப்பது, அவ்வளவுதான். விளையாட்டு, பேச்சு, அம்மாவின் கவனம் எல்லாம் நாலு நிமிடத்துக்கு இல்லை. அப்படியென்றால் மற்ற நேரத்தில் அவை இருக்க வேண்டும், இல்லையா? காலையிலிருந்து ‘சும்மா இரு’, ‘அதைத் தொடாதே’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பொடியனைப் படியில் கொண்டுபோய் இருத்தினால், அவனுக்கு அது ஓய்வு.

இப்போது உங்கள் விறாந்தைப் படியை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து ஒழுங்கை தெரியும். கோழி வரும், அதைத் துரத்திக்கொண்டு பூனை வரும். மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போவார். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, “என்ன தம்பி, என்ன செய்தனீ?” என்று விசாரிப்பார். உங்கள் வீட்டில் இருக்கும் இருக்கைகளிலேயே மிகவும் சுவாரசியமானது அந்தப் படிதான். அந்த ஆங்கிலேய வீட்டின் படியோ வீட்டுக்குள்ளே, மாடிக்கு ஏறும் படி. வாசற்கதவு சாத்தியிருக்கும். பார்க்க எதுவும் இல்லாத இடம் என்பதால்தான் அந்த முறை அங்கே வேலை செய்கிறது. உங்கள் மகன் படியில் இருந்ததற்கு வருத்தப்பட்டிருப்பான் என்று நான் நம்பவில்லை. வேலிக்கு மேலால் நாலு பேர் விசாரித்ததற்கு வெட்கப்பட்டிருப்பான். வெட்கப்படுத்துவது வேறு மருந்து, அதை உங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

இன்னொன்று. எழுந்து ஓடும் பிள்ளையைத் தாய் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து இருத்துவதையும் அந்த நிகழ்ச்சியில் காட்டுவார்கள், இசையும் போட்டு. அதில் நேர்மையான பகுதி அதுதான் என்பேன். அடத்துக்கு மசியாமல் நின்றால் முதல் சில நாட்கள் அடம் குறையாது, கூடும். இதுவரை பலித்த ஆயுதம் ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை பலமாக அடித்துப் பார்க்கும். அங்கே விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே பாடம் எடுத்த மாதிரி. ஆனால் பல நாள் படம்பிடித்ததை முக்கால் மணி நேரத்துக்குள் வெட்டி ஒட்டும்போது, இந்த இழுபறி ஒரு விளம்பர இடைவேளைக்கு முன்னால் தொடங்கிப் பின்னால் முடிந்துவிடுகிறது. வீட்டில் விளம்பர இடைவேளை கிடையாது. அடுப்பில் சோறு கிடக்கும்.

பயனே இல்லை என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2005இல் பிரித்தானியாவின் ஐரிவியில் ‘டிரைவிங் மம் அண்ட் டாட் மாட்’ என்றொரு தொடர் வந்தது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மத்தியூ சாண்டர்ஸ் உருவாக்கிய பெற்றோர் பயிற்சியை, சில குடும்பங்கள் வாராவாரம் பெறுவதை அது காட்டியது. அந்தப் பயிற்சியோடு சம்பந்தப்பட்ட ஆய்வாளர்களே, தொடரைப் பார்த்த பெற்றோரிடமும் கேட்டார்கள். பிள்ளையின் குழப்படி குறைந்தது என்று பலர் சொன்னார்கள். தொடரோடு சேர்த்து வீட்டில் செய்துபார்க்கும் பயிற்சிகளையும் பெற்றவர்களுக்குக் கூடுதல் மாற்றம். எல்லாம் பெற்றோர் தாமே சொன்ன கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஒரே முறையைப் படிப்படியாகக் காட்டும் தொடர் வேறு, வாரத்துக்கு ஒரு பயங்கரக் குடும்பத்தைத் தேடிப்பிடித்துக் காட்டுவது வேறு. இரண்டாவதைப் பார்க்கிறபோது நமக்கு வருவது அறிவு அல்ல, ஆறுதல். ‘எங்கட வீடு இவ்வளவு மோசம் இல்லை’ என்ற ஆறுதல். அதற்காகத்தான் பாதிப்பேர் பார்க்கிறோம்.

அந்த ஆறுதலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? 2007இல் அமெரிக்காவில் ‘ஜோன் அண்ட் கேற் பிளஸ் 8’ என்றொரு தொடர் தொடங்கியது. ஒரு சோடி இரட்டையர், பிறகு ஒரே பேறில் ஆறு பிள்ளைகள். அவர்கள் கமராவுக்கு முன்னாலேயே வளர்ந்தார்கள். 2009இல் தாய் தகப்பன் பிரிந்ததும் கமராவுக்கு முன்னால்தான். அந்த எட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் அந்த வயதில் என்ன சொல்ல முடியும்? இலினோய் மாநிலத்தில் இப்போது 2024 யூலையிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளையை வைத்து இணையத்தில் வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர், வருமானத்தில் பிள்ளையின் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும்.

நம் பக்கமும் சுத்தமில்லை. தமிழகத்துச் சனல்களில் பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம் என்று இருத்திப் பேசவைப்பதையும், பாட்டுப் போட்டியில் தோற்ற சிறுவன் அழும்போது கமரா கிட்டப் போவதையும், இங்கே விறாந்தையில் கதிரை போட்டுப் பார்க்கிறோம். நான் கல்லெறிய நியாயமில்லை. இதே பத்திரிகையில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிவு வந்தவுடன் பத்து வயதுப் பிள்ளைகளின் படத்தைப் புள்ளியோடு வருடா வருடம் போட்டு வந்தோம். சித்தியடையாத பிள்ளை அந்தப் பக்கத்தை எப்படிப் பார்த்திருக்கும் என்று ஒரு ஆசிரியை கடிதம் எழுதித் திட்டிய பிறகுதான் நிறுத்தினோம்.

உங்கள் கணவரின் கம்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வாத்தியாருக்கே கூடாது என்றதை நாலு வயதுப் பிள்ளையின் தகப்பனுக்கு நான் எப்படிச் சரி என்று சொல்வது? பூவரசு வேலியிலேயே நிற்கட்டும்.

அந்த நிகழ்ச்சியில் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால், நீங்கள் தாண்டிவிட்ட தொடக்கப் பகுதி. வந்தவுடன் ஜோ புரொஸ்ற் புத்தி சொல்வதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்று பார்ப்பார். பிறகுதான் பெற்றோரை இருத்திக் கதைப்பார். அப்போது பேச்சு பெரும்பாலும் பெற்றோரைப் பற்றியதாகவே இருக்கும். நம் வீட்டுக்குள்ளே வந்து போகும் வெளியாள் நமக்கும் உண்டு. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், கமரா இல்லாமல், ஒரு பதிவுப் புத்தகத்தோடு வருபவர். நிறை பார்த்து, ஊசித் திகதி சொல்லிவிட்டுப் போகிறவர் என்று மட்டும் நினைத்து அனுப்பிவிடாமல் ஒருநாள் இருத்தி வைத்துக் கேளுங்கள். தேவையென்றால் யாரிடம் காட்டலாம் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு முன் அப்பம்மாவோடு பேச வேண்டும். அவ செய்தது பிழை என்று தொடங்காதீர்கள். நாலு வயதுப் பிள்ளை தெருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் தூக்கத்தான் செய்வா, நானும் தூக்கியிருப்பேன். நீங்கள் இருத்தியதும் அவ தூக்கியதும் ஒரே நாளில் நடந்தால் பொடியன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: யாரிடம் ஓட வேண்டும் என்பது. எதற்குக் கண்டிப்பது, எதை விட்டுவிடுவது என்று பிள்ளை தூங்கிய பிறகு மூன்று பேரும் குசினியில் இருந்து தீர்மானியுங்கள். கணவரையும் கூப்பிடுங்கள், கம்பு இல்லாமல்.

அந்த வீடியோவைத் தங்கையிடம் சொல்லி அழிக்கச் செய்யுங்கள். குழுவில் இருக்கும் மற்றவர்களிடமும் கேளுங்கள். ரொறன்ரோ மாமா கோபிப்பார் என்றால் கோபிக்கட்டும்.