வெப்சைட்டுக்கும் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள்

கேள்வி: தருமபுரியில் சிறிய அளவில் மனை விற்பனை செய்கிறேன். சொந்தமாக வெப்சைட் வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்த ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஓசூர்ப் பக்கம் சைட் என்றால் மனை. "புது சைட் போட்டிருக்கிறேன்" என்று ஒருமுறை நான் சொன்னதற்கு, ராயக்கோட்டையில் இருக்கும் என் மாமா, "எத்தனை சென்ட், பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். அன்று சிரித்தேன். இரண்டு வருடம் கழித்து அதே கேள்வி என்னைக் கடித்தது.

கிருஷ்ணகிரியில் லேஅவுட் போட்டு விற்கிறோம். எங்கள் முதல் வெப்சைட்டைத் தெரிந்த தம்பி ஒருவர் செய்து கொடுத்தார். டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்), டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஏமாற்றும் எண்ணமெல்லாம் அவருக்குத் துளியும் கிடையாது. வசதிக்காக டொமைனைத் தன் பெயரில், தன் மெயில் ஐடியில் பதிவு செய்துவிட்டார், அவ்வளவுதான். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. டொமைனைப் புதுப்பிக்கப் பணம் கட்டச் சொல்லி வந்த மெயில்களெல்லாம் அவர் திறந்தே பார்க்காத ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பார்ட்டி போன் செய்து, "சார், உங்க வெப்சைட்ல வேற என்னவோ வருதே" என்ற பிறகுதான் எங்களுக்கே தெரியும். கெடு முடிந்து, அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டர், விசிட்டிங் கார்டு, ரோட்டோர பிளெக்ஸ் எல்லாவற்றிலும் பழைய முகவரி. பிளெக்ஸை மாற்றிவிடலாம், ஊரெல்லாம் சுவரில் தொங்கும் காலண்டரை என்ன செய்வது?

அதனால் ஹோஸ்டிங் பற்றி யோசிக்கும் முன் டொமைனை நீங்களே வாங்குங்கள். உங்கள் பெயர், உங்கள் மெயில், ஓ.டி.பி. வருவது உங்கள் போனுக்கு. டாட் காம் என்றால் ஒரே தடவையில் 10 வருடம் வரைகூடக் கட்டி வைக்கலாம். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வைப்பது என் வழக்கம். டொமைன்தான் பட்டா, ஹோஸ்டிங் வெறும் வாடகைக் கட்டடம். கட்டடம் சரியில்லை என்றால், டொமைனுக்கு எந்த ஹோஸ்டிங் என்று வழிகாட்டும் நேம்சர்வரை மாற்றிவிட்டு வேறிடம் போய்விடலாம்.

சரி, இப்போது ஹோஸ்டிங். நம் தொழிலுக்குப் பெரிய சர்வர் எதுவும் தேவையில்லை. நாலைந்து லேஅவுட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அதைச் செய்ய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள். இதற்கு, ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் தாராளம். வெப்சைட் மெதுவாகத் திறக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றம் சர்வர்மேல் இல்லை, நாம் போடும் படங்கள்மேல்தான். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. இருக்கும். அப்படியே இருபது படம் ஏற்றினால், மனையைப் பார்க்கக் காரில் வந்துகொண்டிருப்பவர் பாலக்கோடு தாண்டியும் சக்கரம் சுற்றுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தை 200 கே.பி. அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள். டிரோன் வீடியோவை யூடியூபில் போட்டு இணைத்துவிடுங்கள்.

விலையில்தான் சூட்சுமம். மாதம் நூறு ரூபாய்க்குள் என்று விளம்பரத்தில் இருக்கும். பெரும்பாலும் அது மூன்று, நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் கிடைக்கும் விலை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஏறலாம், அதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆகவே விளம்பர விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையை ஒப்பிடுங்கள். வெப்சைட் இணைப்பைப் பாதுகாப்பானதாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், நல்ல நிறுவனங்கள் தாங்களே போட்டுத் தருகின்றன. சர்வர் மும்பை மாதிரி இந்தியாவிலேயே இருந்தால் நல்லது, நம் பார்ட்டிகள் பெங்களூரிலும் இங்கேயும்தானே இருக்கிறார்கள். பேக்கப், அதாவது வெப்சைட்டின் நகல், தினமும் எடுக்கிறார்களா, அதைத் திரும்பப் போட்டுத் தரக் காசு கேட்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

"ரியல் எஸ்டேட்டுக்கென்றே ஸ்பெஷல் ஹோஸ்டிங்" என்று சில வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும். எம்.எல்.எஸ்., ஐ.டி.எக்ஸ். இணைப்பு உண்டு என்பார்கள். அமெரிக்காவில் ஏஜென்ட்டுகள் எல்லாரும் வீட்டு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நம் ஊர் டீக்கடையில் நடக்கும் வேலைக்கு அது ஒட்டாது.

வெப்சைட்டும் சட்டப்படி விளம்பரம்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணும் ஆணையத்தின் வெப்சைட் முகவரியும் விளம்பரத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு லேஅவுட் பக்கத்திலும் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுகிறேன். இன்னும் போடாத பூங்காவைப் படத்தில் பச்சையாகக் காட்டும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. 2016ஆம் வருட ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவில், பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்று இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தருமபுரிக்காரர் சென்ட்டில் கேட்பார், பெங்களூர்க்காரர் 30க்கு 40 அடி என்பார். 1200 சதுரடி என்பது சுமார் இரண்டே முக்கால் சென்ட். இரண்டையும் போட்டபிறகு எங்களுக்கு "அது எவ்வளவு வரும்?" என்ற போன்கள் குறைந்துவிட்டன.

நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் இது விளம்பரமாகிவிடும், அதனால் நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். நம்மிடம் பார்ட்டிகள் மனை பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை. வெப்சைட் படுத்தால் அன்று படுக்கக் கூடாது. ஆகவே மூன்று நிறுவனங்களுக்கு, பணம் கட்டுமுன், ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, பேக்கப் பற்றி ஒரே கேள்வியை அனுப்பினேன். ஒன்று திங்கட்கிழமை பதில் சொன்னது. இன்னொன்று உடனே பதில் தந்தது, ஆனால் கேட்டதற்கு அல்ல, பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி. மூன்றாவதிலிருந்து இருபது நிமிடத்தில் ஓர் ஆள் நேரடியாகப் பதில் எழுதினார். இப்போது அங்கேதான் இருக்கிறேன்.